வற்றும் கண்மாயில் சூழலியல்

பாடப்புத்தகத்தில் வரும் குளம் வற்றுவதே இல்லை. நடுவில் தாமரை, ஓரத்தில் தவளை, மேலே மீன்கொத்தி, அடிச்சேற்றில் பாக்டீரியா என்று எல்லாம் அம்புக்குறிகளோடு அசையாமல் நிற்கும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ படிக்கிற பிள்ளை அந்தப் படத்தை வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடும். ஆனால் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கண்மாய் பங்குனியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது "இது சூழல் மண்டலமா?" என்று கேட்டால் அதே பிள்ளை திகைக்கும். தண்ணீர் வந்த பிறகு ஆகும் என்று சொல்லும்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஏரிகளில் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் நாடுகளைப் பார்த்து எழுதப்பட்ட பாடம் அது. செட்டிநாட்டில் நீர்நிலையின் முதல் குணமே வற்றுவதுதான். எந்த உயிர் இங்கே வாழும், எது வாழாது, எந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்த விதை எங்கே முளைக்கும் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. வற்றுவதைக் குறையாக ஒதுக்கிவிட்டுக் கண்மாயைப் படித்தால் பாதிப் பாடம் விளங்காது. அதை மையமாக வைத்துப் படித்தால், பன்னிரண்டாம் வகுப்புவரை வரும் சூழலியல் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஒரே கண்மாய்க்கரையில் கையால் அளந்து பார்க்கலாம்.

ஒரே மழை, இரண்டு நீர்நிலைகள்

இந்த வட்டாரத்துக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. அதனால் ஊர்தோறும் இரண்டு வகையாகத் தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள். பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி.

சூழலியல் மாணவருக்கு இந்த இரண்டும் ஒரே ஊரில் இருப்பது பெரிய வசதி. கண்மாய்க்கு ஒரு பக்கம்தான் கரை. மறுபக்கம் தரை மெல்லச் சரிந்து மேலேறும். ஒரு முழ ஆழத்திலிருந்து ஓராள் ஆழத்துக்குப் போக நூறு அடிக்குமேல் நடக்கவேண்டியிருக்கும். ஊருணியோ நான்கு பக்கமும் செம்புறாங்கல் படிகள் கட்டி, சிறிய பரப்பில் ஆழமாகத் தோண்டப்பட்டது. மாடு இறங்காது, துணி துவைக்கமாட்டார்கள். மழை ஒன்று, மண் ஒன்று. ஆனாலும் கண்மாயில் அல்லி, கோரை, வேலம்பாசி, நத்தை, தலைப்பிரட்டை என்று கூட்டமாக இருக்க, ஊருணி வெறிச்சென்று இருக்கும்.

காரணம் சரிவு. வேர் பிடிக்கும் நீர்த்தாவரங்களுக்குத் தரையும் வேண்டும், அந்தத் தரைவரை வெளிச்சமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஆழமற்ற பகுதியே கரையோர மண்டலம். செங்குத்தான ஊருணியில் அது ஒன்றிரண்டு படிகளோடு முடிந்துவிடும். சாணமும் சோப்பும் இறங்காததால் நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவு. உயிரற்ற கூறுகள் உயிருள்ள கூறுகளைக் கட்டுப்படுத்துகின்றன என்ற ஒரு வரியை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. கண்மாய்களைச் சுற்றிலும் சிமெண்ட் சுவர் கட்டி 'அழகு' படுத்துகிறவர்கள் செய்வதும் இந்தச் சரிவை அழிக்கும் வேலைதான்.

வெளிச்சம், காரம், விடியற்காலை

வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க செக்கி தட்டு போதும். இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865இல் கடலில் சோதித்துப் பார்த்த கருவி. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் மூடியோ தகரமோ எடுத்து, நான்கு கால்பங்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் அடிக்கவேண்டும். பளபளக்காத பெயின்டாக இருக்கட்டும். நடுவில் துளையிட்டு போல்ட் மாட்டி, அடியில் அரைக் கிலோ எடை கட்டி, கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. தேங்காய்நார்க் கயிறு வேண்டாம். நனைந்தால் நீளம் மாறும். பழைய சி.டி.யில் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் விட்டம் 12 சென்டிமீட்டர்தான், மின்னவும் மின்னும். மற்றவர் அளவோடு ஒப்பிட முடியாமல் போகும்.

காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், நிழல் விழும் பக்கமாக இறக்கவேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்கவேண்டும். 42இல் மறைந்து 38இல் தெரிந்தால் 40 சென்டிமீட்டர். ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் தோராயமாக இதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம்வரை போகும். இந்தக் கணக்கில் ஒரு மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அடித்தரைத் தாவரங்கள் ஏன் இல்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. செம்மண் கலங்கல் அதிகமுள்ள ஆண்டில் இந்த அளவு இன்னும் சுருங்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அளப்பதற்காக யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் கலங்கல் நீருக்கடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி பத்தடிப் பள்ளத்தில் விழும். ஊருணிப் படித்துறையிலிருந்தோ, மடையின் கல்மேடையிலிருந்தோ, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு அளந்தால் போதும். இறங்கினால் சேறு கலங்கி அளவும் கெட்டுவிடும்.

அடுத்தது, நீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் பி.எச். தாள். இதைப் பகலில் ஒருமுறை தொட்டுப் பார்த்து 'பி.எச். 8' என்று எழுதிவிட்டுப் போவதால் பயனில்லை. விடியுமுன் ஒருமுறையும் பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறையும் அளக்கவேண்டும். பாசி நிறைந்த கண்மாயில் விடியற்காலையில் 7க்குப் பக்கத்தில் இருக்கும் அளவு பிற்பகலில் 9ஐத் தொடலாம். பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் நீரில் கார்பானிக் அமிலம் குறைந்து காரம் ஏறுகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே சுவாசிப்பதால் அமிலம் திரும்புகிறது. ஒரு துண்டுத் தாளில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் தெரிகின்றன. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் இந்த ஊசலாட்டம் இன்னும் பெரிதாக இருக்கும்.

ஆக்சிஜனும் இதே தாளத்தில் ஆடுகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மாசி, பங்குனியில் தண்ணீர் சுருங்கிச் சூடேறி, பாசியும் மீனும் நெருங்கிக் கிடக்கும்போது, இரவு முழுக்கச் சுவாசித்துத் தீர்த்ததில் விடியும் நேரம் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடக்கூடும். மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும், சில நாள் காலையில் கூட்டமாகச் செத்து மிதப்பதும் அதனால்தான். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்த மீன் செத்தது என்பது. கட்லா, ரோகு, கெண்டை செத்து, விராலும் கெளுத்தியும் உயிரோடு துள்ளினால் சந்தேகம் ஆக்சிஜன் பக்கம் திரும்பவேண்டும். நஞ்சுக்கு அந்தப் பாகுபாடு அவ்வளவு சுத்தமாக இருக்காது.

விராலுக்கும் கெளுத்திக்கும் செவுளைத் தவிர காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. பனையேறிக் கெண்டைக்கும் உண்டு. அயிரை காற்றை விழுங்கிக் குடல் வழியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். கண்மாய் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற பையும் உண்டு. தண்ணீர் வற்றினால் ஓட்டு வாயை மூடியால் இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் கோடை உறக்கத்தில் கிடக்கும். பால் ஆமையும் சேற்றில் புதைந்து கிடந்து மழைக்கு எழும். அல்லிக்கும் கோரைக்கும் கிழங்கு. பாசிகளுக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகளுக்கும் காய்ந்தாலும் சாகாத வித்துகள், முட்டைகள். தகவமைப்பு என்ற பாடத்துக்கு ஒட்டகத்தையும் கள்ளியையும் தேடிப் போகவேண்டியதில்லை.

எண்ணத் தெரியாவிட்டால் தாவரச் சமுதாயம் இல்லை

தை மாதத்துக்குப் பின் தண்ணீர் பின்வாங்கத் தொடங்கும்போது கண்மாயின் உள்வாய் பட்டை பட்டையாகத் தெரியும். நீரை ஒட்டி அல்லியும் வேலம்பாசியும், ஈரச் சேற்றில் கோரை, அதற்கு மேல் அறுகு, அதற்கும் மேலே தும்பை, துத்தி, எருக்கு, கரையில் கருவேலம், பனை, வேம்பு. நீர் விளிம்பிலிருந்து கரைவரை ஒரு கயிறு கட்டி, 5 மீட்டருக்கு ஒரு சதுரச் சட்டம் வைத்து எண்ணினால் இந்தப் பட்டைகள் எண்களாக மாறும்.

செடிகளுக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம், புதர்களுக்கு 5க்கு 5, மரங்களுக்கு 10க்கு 10. முதல் சட்டத்துக்கு அரை அங்குல பி.வி.சி. குழாய் நான்கு துண்டு, நான்கு எல்போ போதும். புதரும் மரமும் உள்ள இடத்தில் நான்கு முளைக்குச்சியும் கயிறும்.

ஒரே பட்டைக்குள் அடர்த்தி பார்க்கச் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசச் சொல்லிக்கொடுப்பது இன்னும் நடக்கிறது. அது சீரற்ற தேர்வே இல்லை; வீசுகிறவர் நிற்கும் இடமும் கைவலுவும் இடத்தை முடிவு செய்துவிடும், யார் மண்டையிலாவது படவும் படும். இரண்டு அளவுநாடாக்களைச் செங்குத்தாக விரித்து, 1 முதல் 20 வரை எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, வந்த இரண்டு எண்கள் சந்திக்கும் இடத்தில் சட்டத்தை வைப்பது சரியான முறை.

பத்துச் சட்டங்களில் தும்பை மொத்தம் 40 செடி, நான்கு சட்டங்களில் மட்டும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 40ஐ 10ஆல் வகுக்க 4. நிகழ்வெண் 40 விழுக்காடு. மிகுதி, இருந்த நான்கு சட்டங்களை மட்டும் வைத்து வகுப்பதால் 10. அடர்த்தியும் மிகுதியும் இவ்வளவு விலகி நிற்பதே செய்தி: தும்பை பரவலாக இல்லை, திட்டுத் திட்டாக முளைத்திருக்கிறது. தேர்வில் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தைத் தொட்டுப் பார்க்காதவர்கள்.

தவறும் இடங்கள் இரண்டு. விளிம்பில் நிற்கும் செடியைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். மேல் விளிம்பும் இடது விளிம்பும் சேர்த்தி, மற்ற இரண்டும் விலக்கு என்று தொடங்குமுன்பே முடிவு செய்துகொள்ளவேண்டும். இன்னொன்று அறுகம்புல். ஓடிப் படரும் புல்லில் ஒரு செடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்லமுடியாது. அதை எண்ணாமல், சட்டத்தில் எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது என்று மட்டும் குறிக்கலாம்.

நீர்நிலை வழிமுறை வளர்ச்சி என்ற பாடம் இங்கேதான் சுவையாகிறது. குளம் தூர்ந்து சதுப்பாகி, புல்வெளியாகி, காடாகும் என்கிறது புத்தகம். ஆனால் நூற்றாண்டுகள் கடந்த கண்மாய்கள் இன்னும் கண்மாய்களாகவே இருக்கின்றன. ஆண்டுதோறும் வெள்ளம் வந்து நிலத்துச் செடிகளை மூழ்கடிக்கிறது, கோடை வந்து நீர்த்தாவரங்களைக் காய்ச்சுகிறது, மாடும் ஆடும் மேய்கின்றன, குடிமராமத்தில் தூர் வாருகிறார்கள். வளர்ச்சி ஒவ்வோர் ஆண்டும் முதல் படிக்குத் தள்ளப்படுகிறது. இவற்றில் ஒன்றிரண்டு நின்றுபோன கண்மாயைப் பார்த்தால் புத்தகத்துக் கதை ஓடத் தொடங்கியிருக்கும்; காடு என்ற இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கும்.

அந்த மரத்தைப் பற்றி ஒரு சோதனை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. நெற்றை ஆடு தின்னும், விதை குடல் வழியே போய்ச் சாணத்தோடு விழுந்து நன்றாக முளைக்கும். அதன் அடியில் வேறு செடி வளராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மரத்தடியில் ஐந்து சட்டம், வெட்டவெளியில் ஐந்து சட்டம் வைத்து இன எண்ணிக்கையை ஒப்பிட்டால் நிரூபித்ததாக ஆகுமா? ஆகாது. எந்த மரத்தடியிலும் நிழல் உண்டு; குறைவுக்குக் காரணம் நிழலா, சீமைக்கருவேலமா என்று பிரிக்கமுடியாது. மூன்றாவதாக நாட்டுக் கருவேலத்தின் அடியிலும் ஐந்து சட்டம் வேண்டும். அதுதான் ஒப்பீட்டுக் கட்டுப்பாடு. இரண்டையும் அடையாளம் காண்பது எளிது: நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் இடையிடையே இறுகி மணிமணியாக இருக்கும், சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர், நெற்று வைக்கோல் நிறம். மழை வராமல் செய்வதே இந்த மரம்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்குச் சான்று கிடையாது. சட்டத்தில் எண்ணக் கிடைக்கும் கெடுதலே போதுமான அளவு இருக்கிறது.

வேட்டங்குடியில் பந்தி

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் மூன்று கண்மாய்களைக் கொண்டது: பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் இதை எழுதும். எழுதாமல் விடுவது, அவ்வளவு சிறிய கண்மாய்களில் இத்தனை வகைப் பறவை எப்படிச் சண்டையில்லாமல் பிழைக்கிறது என்பது.

செயல் வாழிடம், அதாவது ஓர் உயிர் தன் வாழிடத்தில் பிழைக்கும் விதம், என்ற கருத்துக்கு அங்கே பத்து எடுத்துக்காட்டு கிடைக்கும். வாழிடம் எல்லாவற்றுக்கும் ஒன்று, பிழைப்பு வேறு வேறு. நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கும். சாம்பல் நாரை ஆழத்தில் காலூன்றிப் பெரிய மீனுக்குக் காத்து நிற்கும். மடையான் விளிம்பில் அசையாமல் ஒண்டியிருந்து தலைப்பிரட்டையையும் சிறுமீனையும் கொத்தும். கரண்டிவாயன் அலகைத் திறந்து வலமும் இடமும் துழாவும். அரிவாள் மூக்கன் சேற்றுக்குள் வளைந்த அலகைச் செருகும். உண்ணிக்கொக்கு கண்மாய்க்குள்ளேயே வராமல் மேயும் மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சியைப் பிடிக்கும். வக்கா இரவு வேலைக்காரன். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை. அலகின் நடுவே இடைவெளி இருப்பதால் பாக்குவெட்டி மாதிரி நத்தையை உடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உடைப்பதில்லை, அலகு நுனியை ஓட்டுக்குள் செலுத்தித் தசையை அறுத்து உடலை வெளியே எடுக்கிறது. குஞ்சு பிறக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும்.

வற்றுவதை இங்கே மறுபடி கொண்டுவரவேண்டும். கால் நீளம் எவ்வளவோ அந்த ஆழத்தில்தான் நாரையும் கொக்கும் மேய முடியும். கண்மாய் நிறைந்திருக்கும்போது முங்கிப் பிடிப்பவைக்கு இடம். தண்ணீர் இறங்க இறங்க நெடுங்காலன்களுக்கு, பிறகு குட்டைக்கால் கொக்குகளுக்கு, கடைசியில் சேறு கிளறுபவைக்கு. கல்யாண வீட்டில் ஒரே கூடத்தில் பந்தி மாற்றிப் பந்தி போடுவது போல இடம் ஒன்று, நேரம் வேறு. ஒரே வளத்துக்கு ஒரே முறையில் போட்டியிடும் இரண்டு இனங்கள் நீடித்துச் சேர்ந்து வாழமுடியாது என்று 1934இல் ருஷ்ய அறிவியலாளர் காஸ் பரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை வளர்த்துக் காட்டினார். அவருடைய சோதனைக் குழாயில் நீர்மட்டம் இறங்கவில்லை.

பறவை பார்க்கப் போகும் மாணவர்கள் பெயர்ப் பட்டியலோடு திரும்பிவிடக்கூடாது. இருநோக்கியோடு ஒரு பறவையை மட்டும் பத்து நிமிடம் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் அது என்ன செய்கிறது, தண்ணீர் அதன் காலில் எதுவரை இருக்கிறது என்று குறித்தால் போதும். 20 பதிவுகள். ஐந்து இனங்களுக்குச் செய்தால் செயல் வாழிட அட்டவணை தயார். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். கூடுள்ள மரத்தடிக்குப் போகவே வேண்டாம். பெரியவை பறந்துவிட்டால் கூட்டுக் குஞ்சை வெயிலும் காக்கையும் பார்த்துக்கொள்ளும்.

ஆற்றல் ஓட்டத்துக்கும் இதே பறவைகள் உதவும். ரேமண்ட் லிண்ட்மன் 1942இல் வெளியான கட்டுரையில், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு ஏரியை அளந்து, ஒரு ஊட்டமட்டத்திலிருந்து, அதாவது உணவுச் சங்கிலியின் ஒரு படியிலிருந்து, அடுத்ததற்கு ஆற்றலின் சிறுபகுதியே போகிறது என்று காட்டினார். அந்தக் கட்டுரை அச்சாகுமுன்பே 26 வயதில் இறந்துபோனார். அதிலிருந்து வந்ததே பத்து விழுக்காட்டு விதி. இயற்கையில் 5 முதல் 20 விழுக்காடுவரை மாறும். 10 என்பது கணக்குக்கு வசதியான எண்.

கண்மாய்ப் பாசியிலும் நீர்த்தாவரத்திலும் 10,000 கிலோஜூல் இருக்கிறது என்று வைப்போம். நத்தைக்கு 1,000, நத்தைகுத்தி நாரைக்கு 100. மற்றொரு வழி: பாசி 10,000, மிதவை விலங்குகள் 1,000, சிறுமீன் 100, விரால் 10, சாம்பல் நாரைக்கு 1. ஒரே பாசியிலிருந்து ஒரு நாரைக்கு 100, மற்றொன்றுக்கு 1. சங்கிலி குட்டையாக இருந்தால் ஏன் அதிக எண்ணிக்கை பிழைக்கமுடியும் என்பது இதிலேயே இருக்கிறது.

ஊட்டமட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் பிரமிட் பற்றிய குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். கரையில் நிற்கும் ஒரே ஆலமரத்தில் ஆயிரம் பூச்சி இருந்தால் எண்ணிக்கைப் பிரமிட் தலைகீழ். நீரில் பாசியின் எடையைவிட அதைத் தின்னும் மிதவை விலங்குகளின் எடை ஒரு நேரத்தில் அதிகமாக இருந்தால் உயிரிப்பொருள் பிரமிட் தலைகீழ். பாசி நாளுக்கொரு தரம் பெருகி ஈடுகட்டுவதால் இது நடக்கிறது. ஆற்றல் பிரமிட் மட்டும் தலைகீழாகாது. உணவுச் சங்கிலியில் அம்புக்குறி எப்போதும் உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கித்தான், ஆற்றல் போகும் திசையில். பாதி விடைத்தாள்களில் இது திரும்பியே இருக்கும்.

ஊட்டச்சத்து ஒரு கண்மாயின் எல்லைக்குள் நிற்பதில்லை. பறவைகள் சுற்று வட்டாரக் கண்மாய்களிலும் வயல்களிலும் தின்றுவிட்டுக் கூடு இருக்கும் கண்மாயில் எச்சமிடுகின்றன. வேறெங்கோ இருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் இங்கே சேர்ந்து, மடைவழியே வயலுக்குப் போகின்றன. அந்த ஆயக்கட்டு விவசாயிக்கு இது உரம். அதே சத்து சாக்கடை வழியாக அளவுமீறி வந்தால் நீர் பச்சைக் கூழாகி, மேலே சொன்ன விடியற்காலைச் சாவு வந்து சேரும்.

சிதைப்பவை, எண்ணிக்கை

மண்ணுயிர்களைப் பார்க்க இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, வாயில் வலைத் துண்டு வைத்து, ஆலமரத்தடிச் சருகும் மண்ணுமாக இரண்டு கைப்பிடி போட்டு, கீழே ஈரத் தாள் வைத்த கிண்ணம், மேலே 15 சென்டிமீட்டர் உயரத்தில் 40 வாட் பல்பு. சூட்டுக்கும் உலர்ச்சிக்கும் பயந்து வால்பூச்சி, உண்ணி, சிறு மரவட்டை எல்லாம் ஒரு நாள், இரண்டு நாளில் கீழே இறங்கும். பெரும்பாலும் ஏன் ஒன்றும் விழுவதில்லை? எல்.இ.டி. பல்பு போட்டிருப்பார்கள், அதில் சூடு வராது. பழைய இழை பல்புதான் வேண்டும். 100 வாட் போட்டாலும் தப்பு: ஓடுமுன்பே உயிர்கள் காய்ந்துவிடும். வலையின் கண் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பெரியவை சிக்கிக்கொள்ளும்.

இனக்கூட்டத்தின் அளவை மதிப்பிடப் பிடித்துவிட்டு மறுபடி பிடிக்கும் முறைக்கு நத்தை ஏற்றது. 40 நத்தைக்கு ஓட்டில் ஒரு புள்ளி நகப்பூச்சு வைத்து, எடுத்த இடங்களிலேயே விட்டு, மறுநாள் 50 பிடித்தால் 10இல் புள்ளி இருக்கிறது. 40ஐ 50ஆல் பெருக்கி 10ஆல் வகுக்க 200. சிவப்புப் புள்ளி வைத்தால் பறவை அதைத்தான் முதலில் கொத்தும், மதிப்பீடு ஏறிவிடும். ஓட்டின் நிறத்துக்குப் பக்கமான பழுப்பு போதும். ஆமையையும் பறவையையும் இதற்காகத் தொடக்கூடாது; 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் இருக்கிறது. கணக்கு மட்டும் பழக வேண்டுமானால் ஒரு படி மொச்சையில் கொஞ்சத்துக்கு மையிட்டு வகுப்பிலேயே செய்துவிடலாம்.

ஓர் இடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற தாங்குதிறனைக் கோடைக் கண்மாய் தானே கற்பிக்கும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால்கூட ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 50,000 லிட்டர் போகிறது. மீனுக்கான இடமும் ஆக்சிஜனும் தினம் குறைகின்றன; புத்தகத்தின் எஸ் வடிவ வளைவில் நேராக வரைந்திருக்கும் மேல்கோடு இங்கே கீழ்நோக்கிச் சரிகிறது. ஜிலேபிக் கெண்டை இந்த நெருக்கடியில் மற்ற மீன்களை முந்துகிறது; 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன், முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும், உடல் சிறிதாக இருக்கும்போதே முட்டையிடத் தொடங்கிவிடும்.

சித்திரை மண்ணில் ஒரு சோதனை

கண்மாய் முழுக்கக் காய்ந்த பிறகு செய்யவேண்டியது இது. வெடித்த தரையின் மேல் இரண்டு சென்டிமீட்டர் மண்ணை மட்டும், ஐந்தாறு இடங்களிலிருந்து மொத்தம் 400 கிராம் சுரண்டி எடுத்துக் கலக்கவேண்டும். பாதியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மெதுவாக 4 லிட்டர் தண்ணீர் ஊற்றவேண்டும். மீதிப் பாதியை வாணலியில் அரைமணி நேரம் நன்றாக வறுத்து, ஆறவிட்டு, இன்னொரு தொட்டியில் அதேபோல். இரண்டாவது தொட்டி இல்லாவிட்டால், வந்த உயிர் மண்ணிலிருந்து வந்ததா தண்ணீரிலிருந்து வந்ததா என்று சொல்லமுடியாது.

மழைநீர் சிறந்தது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். மண் அதிகமானால் நீர் கலங்கி, அழுகல் வாடை அடித்து, ஆக்சிஜன் தீர்ந்து எல்லாம் கெடும். காலை வெயில் இரண்டு மணி நேரம் படும் திண்ணை ஓரம் சரியான இடம். முழு வெயிலில் வைத்தால் தொட்டிநீர் 40 டிகிரியைத் தாண்டிவிடும். சில நாளில் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளும் நுண்ணிய ஓட்டுயிரிகள் தெரியத் தொடங்கும்; கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் எண்ணவும் முடியும். ஒரு வாரத்தில் பசுமை ஏறும், பிறகு சில விதைகள் முளைக்கும். வறுத்த மண்ணில் முதலில் ஒன்றும் இருக்காது. நாள் கழித்து வருபவை காற்றில் வந்தவை, அவற்றைத் தனியாகக் குறிக்கவேண்டும்.

இரண்டு தொட்டிகளையும் முதல் நாளிலிருந்தே கொசுவலையால் இறுக்கி மூடவேண்டும். மூடாமல் விட்டால் ஒரு வாரத்தில் தொட்டியில் இருப்பது கொசுப்புழுவாக இருக்கும், சோதனையும் போய் டெங்கு ஆய்வாளரும் வந்து நிற்பார். முடிந்ததும் நீரையும் மண்ணையும் எடுத்த கண்மாயிலேயே கொட்டவேண்டும். பக்கத்து ஊருணியில் ஊற்றினால், அங்கே இதுவரை இல்லாத இனம் ஏதாவது அந்தத் தொட்டி வழியாகவே போய்ச் சேர்ந்துவிடலாம்.